நான் பட்டினி கிடந்ததாக எழுதிய மகனுக்கு

பெரியவனே,

விசாரணைக்கு உன் காரில் நான் வரவில்லை, பஸ்ஸில் போகிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியை மாடிவீட்டில் கொடு.

நேற்று நானும் உன் மனைவியும் நீதிமன்றத்துக்குப் போய், நீ போட்ட விவாகரத்து மனுவின் நகலை வாங்கினோம். அவள் எனக்குச் சோறு போடவில்லையாம். நான் அக்கம்பக்கத்தில் கையேந்திச் சாப்பிட்டேனாம். நகலில் முத்திரை குத்திய எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, உங்களையா பட்டினி போட்டாங்க?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டார். "வாங்க அத்தை, போயிடலாம்" என்று அவள்தான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

பிடிக்கவில்லையென்றால் பிரிந்து போ. நான் குறுக்கே நிற்கவில்லை. அதற்காக என்னைப் பிச்சைக்காரி ஆக்குவாயா? உன் அப்பா போன பிறகுகூட ஒருவர் வாசலிலும் நான் போய் நின்றதில்லை. இனி அந்தப் பொய் கோர்ட்டுக் காகிதத்தில் நம் குடும்பத்தின் பெயரோடு காலத்துக்கும் கிடக்கும். அதன் பக்கத்திலேயே என் வாக்குமூலமும் கிடக்கட்டும். இன்று அவளுக்குச் சாட்சி சொல்லத்தான் போகிறேன்.

அம்மா

சொல்ல மறந்தேன்: சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வா. நானும் உன்னைப் பட்டினி போட்டேன் என்று இன்னொரு மனு எழுதிவிடாதே.