சென்டர் என்று எழுதியிருந்த தாள்

அன்பு மகள் கலைவாணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. உன் டீம் கீதாஞ்சலி போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போனில் பேசினால் கத்திவிடுவேன், நீ கட் பண்ணிவிடுவாய். அதனால் நாளைக்குச் சென்னை போகிற பக்கத்து வீட்டு சுரேஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "இன்னாய்யா, புள்ளைய திட்டி எழுதாத" என்கிறாள் அம்மா. திட்டு உனக்கில்லை.

வீங்கிய முட்டியில் ஊசி போட்டுப் பைனலில் இறக்கினாராமே உன் கோச்? கீதாஞ்சலி கேட்டதற்கு, "மலைப் பொண்ணு, வலி கிலி தெரியாது" என்றாராம். முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவன் நான். என் மகளுக்கு வலி தெரியாதாம்! மூன்று வருஷம் காலேஜ் பாஸ்கெட்பாலில் உன் ஆறடி உயரத்தை வைத்துக் கோப்பை வாங்கினார்கள். பைனலில் முட்டி ஜவ்வு அறுந்ததும் அந்த உயரம் ஹாஸ்டலில் இடத்தை அடைக்கிறதோ?

இன்னொருவன் மேலும் கோபம். பைனலுக்கு முன்னால் காலேஜிலிருந்து வந்த இங்கிலீஷ் தாளை வாங்கிய எட்டாங்கிளாஸ் மேதை, நான்தான். எழுத்துக்கூட்டியதில் 'சென்டர்' மட்டும் பிடிபட்டது. பரீட்சை சென்டர் என்று நினைத்து, இங்கிலீஷிலேயே கையெழுத்துப் போட்டு, புளி உலுக்க வந்தவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொண்டு அனுப்பினேன். கூடைக்குக் கீழே நின்று இடி வாங்குகிற உன் இடத்துக்கும் சென்டர் என்றுதான் பெயராமே. 'எங்கள் சென்டருக்கு முட்டியில் அடி இருந்தாலும் ஆட அப்பாவுக்குச் சம்மதம்' என்று இருந்ததாம். கீதாஞ்சலி படித்துச் சொன்னாள். அப்பாவே சரி என்றுவிட்டார் என்றுதான் நீ மறுபேச்சில்லாமல் ஆடினாயாம்.

இப்போது, 'என் விருப்பத்தில் டீமையும் ஹாஸ்டலையும் விட்டுப் போகிறேன்' என்று உன்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்களாம். போடாதே. நம் வூட்டில் ஒரு முட்டாள் கையெழுத்து போதும். செங்கத்தில் வக்கீலைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன். முட்டியைச் சரி பண்ணிக் கொடுக்காமல் அந்த ரூமை விட்டு நீ நகரக் கூடாது. கோச் நெட்டையாமே, நான் ஐந்தடி, அண்ணாந்துதான் கத்த வேண்டும். பரவாயில்லை, உன்னிடம் கத்திப் பழக்கம்.

காலை ஊன்றாதே. அம்மா சாமைச்சோறு கட்டித் தருகிறாள்.

நான் சம்மதிக்கவில்லை, கண்ணு. சத்தியமாகச் சம்மதிக்கவில்லை. நீ நடந்து வீடு வர வேண்டும்.

உன் அப்பா,
அர்ச்சுனன்
(தமிழில்தான் போட்டிருக்கிறேன்.)