சொல்லாமல் விட்ட ஈயம்

அண்ணா,

இன்று காலை வீட்டு முன்பக்கத்தைத் தோண்டிவிட்டார்கள். தெருவிலிருந்து இந்தப் பழைய வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாய் ஈயத்தால் ஆனதாம். அதை மாற்றவேண்டும் என்று நகரசபைக் கடிதம் வந்து கனகாலம். வேலைக்கு வந்தவர் பழைய குழாயில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்து, பார்க்கச் சொல்லி என் கையில் தந்தார். வெளிப்பக்கம் சாம்பல் நிறம். வெட்டிய வாய் மட்டும் வெள்ளிபோல் மினுங்கியது. அந்தப் பாரத்தை என் கை உடனே அடையாளம் கண்டுகொண்டது. குழாயைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எண்பத்து நாலின் கடைசியில் இந்த நகரத்துக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடம் ஒன்றில் சேர்ந்தோம். பதினாறாம் மாடி. அறை தங்கச்சி எனக்கு, கூடத்துச் சோபா உங்களுக்கு. அண்ணியும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். உங்கள் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த நீங்கள் இங்கே ஒரு கந்தோர்க் கட்டடத்தில் தரை துடைத்தீர்கள். ஆங்கிலம் வாசிப்பீர்கள். ஆனால் இவர்கள் பேசும் வேகம் உங்கள் காதுக்குப் பிடிபடவில்லை. ஆகவே எங்கே போனாலும் உங்கள் வாயாக நான் கூட வந்தேன்.

ஊரில் நீங்கள் ஒருநாளும் தூண்டில் பிடித்ததில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்க மட்டும்தான் தெரியும். உங்களோடு வேலை செய்த போர்த்துக்கல்காரர் அடுத்த வருஷக் கோடையில் ஒரு சனிக்கிழமை உங்களை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. பகல் முழுக்க இரண்டு பேரும் கல்லில் குந்தியிருந்துவிட்டு வந்தீர்கள்.

"நல்ல மனுசன். ஒரு கேள்வி கேக்கேல்லை," என்றீர்கள்.

அந்த வருஷம் எல்லாரும் உங்களிடம் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தூண்டிலைத் தண்ணீரில் தாழ்த்தும் ஈயக்குண்டு ஏரிக்கரைக் கல்லுகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தரமும் இரண்டு மூன்று போய்விடும். போர்த்துக்கல்காரர் குண்டுகளைத் தானே வார்ப்பவர். தன் பழைய அச்சு ஒன்றை உங்களுக்குத் தந்தார். இரண்டு பாதியாகத் திறந்து மூடும் அலுமினிய அச்சு. ஈயத்துக்கும் வழி காட்டினார். கார்ச் சில்லைச் சமப்படுத்த விளிம்பில் சின்னச் சின்ன ஈயத்துண்டு கொழுவுவார்கள். கழற்றியதை ரயர் கடைக்காரர் ஒரு வாளிக்குள் எறிந்து வைத்திருப்பார். கேட்டால் அள்ளித் தருவார்.

முதல் நாள் என் பால்சட்டியைக் கேட்காமலே எடுத்துவிட்டீர்கள். அடுப்பில் அது சூடாக, முதலில் எண்ணெயும் ஊத்தையும் எரிந்து ஒரு புகை வந்தது. பிறகு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து தண்ணீராகின. இரும்புக் கொழுக்கிகள் மிதந்து வர, கரண்டியால் அள்ளி எறிந்தீர்கள். மேலே படிந்த கசடை வழித்ததும் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் என் முகமும் தெரிந்தது. வடிவாகத்தான் இருந்தது அண்ணா, பொய் சொல்லக்கூடாது.

மாரி வந்தது. கரையெல்லாம் ஐஸ். போர்த்துக்கல்காரர் தன் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டார். நீங்கள் மட்டும் வார்ப்பதை நிறுத்தவில்லை. ஊரிலிருந்து கடிதம் வருவது நின்றுபோன மாதங்கள் அவை. வானொலியில் வரும் செய்தியில் எங்கள் ஊர்ப்பெயர் கேட்டால் எழுந்துபோய் அடுப்பைப் போடுவீர்கள். குளிருக்காக யன்னல் இடுக்கெல்லாம் நான்தான் ஒட்டுநாடா ஒட்டி அடைத்திருந்தேன். புகை போக வழியில்லை. வார்த்த குண்டுகளின் பிசிறை அரத்தால் ராவுவீர்கள். சாம்பல்நிறத் தூள் மேசை விரிப்பில் கிடக்கும்.

"உந்த ஈயத்தைச் சாப்பிடுற மேசையில வைக்காதேங்கோ அண்ணா."

"ஓம் ஓம், இன்னும் ரெண்டுதான்."

"இவ்வளவத்தையும் வைச்சு என்ன செய்யப் போறியள்?"

நீங்கள் நிமிரவில்லை. "இது உருகிறதைப் பாத்துக்கொண்டிருக்கேக்குள்ள ஒண்டும் நினைவுக்கு வராது பிள்ளை. அதுக்காகத்தான்," என்றீர்கள்.

அதன் பிறகு எப்படி நான் வேண்டாம் என்று சொல்வேன்? தூளைத் துடைத்துவிட்டு அதே மேசையில் புட்டு வைத்தேன்.

பங்குனியில் உங்களுக்கு வயிற்றைப் பிடித்து முறுக்கத் தொடங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. வாயில் ஏதோ இனிக்குது என்றீர்கள். முகம் வெளிறிப்போனது. மனைவி பிள்ளையை நினைத்து உருகுகிறார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் நல்ல மனுஷி. வயிற்றை அமத்திப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்முரசைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இவர் பெயின்ற், பற்றரி, ஈயம் போன்றவற்றோடு வேலை செய்கிறாரா என்று கேட்டார். அதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன். நீங்கள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"சொல்லாதை. வீட்டுக்குள்ள ஈயம் உருக்கிறன் எண்டு எழுதினா அது என்ரை அகதிக் கேஸோட போய்ச் சேரும். கட்டடக்காரரும் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவாங்கள். அவையளை நான் எப்பிடிக் கூப்பிடுறது? சொல்லாதை பிள்ளை."

டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். என்னால் சொல்லியிருக்க முடியும். அவருக்கு முன்னால் நீங்கள் என்னைத் தடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் கை என் மணிக்கட்டை விடவில்லை.

"நோ," என்றேன்.

வயிற்றுக்குக் குளிசை எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டு அடுத்த நாளே மறுபடி அடுப்பைப் போட்டீர்கள். நான் மேசையைத் துடைத்துக் கொடுத்தேன்.

வைகாசியில் அண்ணியின் கடிதம் வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், இடம் மாறியதால் எழுத முடியவில்லை என்று இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தீர்கள். பேனா விழுந்தது. எடுத்தீர்கள், மறுபடி விழுந்தது. வலது கை மணிக்கட்டோடு தொங்கியது. தூக்கப் பார்த்தீர்கள். முழங்கைதான் உயர்ந்தது. நாங்கள் இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"நீ எழுது பிள்ளை. எனக்கு வேலை கூட எண்டு எழுது."

எழுதினேன். பிறகு வந்த கடிதத்தில் அண்ணி கேட்டிருந்தா, "அவரின்ரை எழுத்து இல்லையே, அவருக்கு என்ன?" என்று. அந்தக் கடிதம் வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள்.

பதில் எழுதிய மறுநாளே நான் உங்களைக் கேட்காமல் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பால்சட்டி, ரயர் கடை, அரம், அடைத்த யன்னல், எல்லாம். இரத்தம் எடுத்தார்கள். என்னுடையதையும் எடுத்தார்கள். எனக்கும் ஈயம் இருந்தது, கொஞ்சம்தான். முடிவு சொல்ல எங்கள் இருவரையும் கூப்பிட்ட நாள், உங்களுக்கு வந்த கணக்கைப் பார்த்து டொக்டர் கதிரையில் சாய்ந்துவிட்டார். பிறகு மெல்லக் கேட்டார், முதல் தரம் வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று.

"என்ன கேக்கிறா?" என்றீர்கள்.

"எப்ப தொடங்கினது எண்டு கேக்கிறா."

"ஐப்பசியில எண்டு சொல்லு."

ஒக்ரோபரில் என்று சொன்னேன். கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் தொடர்பில்லை என்று டொக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கியிருக்கும். அவர் உண்மையில் கேட்டதை உங்களுக்குத்தான் நான் கடைசிவரை சொல்லவில்லை.

ஊசியில் மருந்து ஏற்றினார்கள். போர்த்துக்கல்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கட்டிலடியில் நின்று அழுதார். அவர் தன் வளவுக் கொட்டிலில், கதவைத் திறந்துவிட்டு, வருஷத்தில் ஒரு நாள் வார்க்கிறவர். பதினாறாம் மாடியில் யன்னலை அடைத்துக்கொண்டு ஒரு மாரி முழுக்க ஒருவர் வார்ப்பார் என்று அவர் எப்படி நினைத்திருக்க முடியும்? நான் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டேன். அவருடைய பாஷை எனக்குத் தெரியாது.

எண்பத்தேழில் உங்கள் கேஸ் சரிவந்தது. விசாரணையில் ஈயத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. டொக்டரின் எழுத்து எங்கேயும் போய்ச் சேரவில்லை. நாங்கள் பயந்த ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த வருஷம் அண்ணியும் மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கப் போய், பாதியில் இறக்கிவிட்டீர்கள். கை முழுதாகத் தேறவில்லை. மணிக்கட்டு ஓரளவு நிமிர்ந்தது, விரல்களில் பலம் வரவில்லை. சட்டைப் பொத்தானை அண்ணிதான் பூட்டிவிடுவா.

வருஷங்கள் கழித்துச் சிறுநீரகம் பழுதானது. அந்த ஒரு மாரியால்தான் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் இருந்த ஒரு மத்தியானம், துணிந்து கேட்டேன்.

"அண்டைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா, அண்ணா?"

"நான்தானே சொல்லாதை எண்டனான்," என்றீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நீ பாவம். சின்னப்பிள்ளை," என்றீர்கள்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது, அண்ணா. சின்னப்பிள்ளை இல்லை. நீங்கள் ஏசியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

நான் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இப்போதும் கூப்பிட்டால் போகிறேன். உள்ளே போகுமுன் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன்: "நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் நான் சொல்லுவன். இதைச் சொல்லாதை எண்டு மட்டும் என்னட்டைச் சொல்லாதேங்கோ." உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வசனம்தான்.

போன மாதம் நகரின் கிழக்கே வோபர்ன் பக்கத்திலிருந்து ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். உங்கள் வயது இருக்கும், கையில் கன்றிய காயம். அவரிடமும் அதைச் சொன்னேன். டொக்டர் கேட்டார், வீட்டில் ஏதாவது நடந்ததா என்று. நான் தமிழில் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், எல்லாத்தையும் சொல்லுவேன் என்று நான் சொன்னது நினைவுக்கு வந்ததுபோல. வாயை மூடிக்கொண்டார். டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். மெல்ல இன்னொரு தரம் கேட்டேன். அவர் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் என்னிடம் கேட்டார்.

மொழிபெயர்க்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, அண்ணா.