சிவரஞ்சனிக்குப் பன்னிரண்டு படங்கள்

அரியலூர்,
12.11.2006

அன்பு மகள் கண்ணகிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சிவரஞ்சனியும் நலமாக இருக்க வேண்டும். சந்தோஷத்தில் முன்பின்னாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கறுப்புக் கட்டம் ஏன் வந்தது.
2. அது எப்படிப் போனது.
3. என் படம் ஏன் இல்லை.

ஒன்று. போன வாரம் நீ போனில் அழுதது அந்தப் படப் பலகையைப் பற்றி. பேச்சு வராத குழந்தை படத்தைத் தொட்டுக் கேட்கட்டும் என்று பள்ளியில் இரவல் கொடுத்த மின்னணுப் பலகை அது. நான் அனுப்பிய படங்களைப் போட்டதும் பன்னிரண்டு பொத்தான்களிலும் கறுப்பு அப்பியிருந்தது, சிவரஞ்சனி பயந்து அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள் என்றாய். மாதக் கடைசிக்குள் ஒன்றையாவது அவள் தொட்டுக் கேட்காவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். குற்றம் என்னுடையது. படங்களின் பின்னணியை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். பலகையோ தனக்கென்று உள்ள பிட்மேப் என்ற ஒருவகைப் படக் கோப்பைத்தான் படிக்கும். அந்தக் கோப்புக்கு வெறுமை என்றால் என்னவென்று தெரியாது. மாற்றும்போது எல்லாம் கறுப்பாகிவிட்டது.

இரண்டு. நீ முன்பே அனுப்பிய பலகையின் குறிப்புப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: மேல் இடது மூலையில் முதல் புள்ளி என்ன நிறமோ, அந்த நிறம் படம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கண்ணகி, நான் எழுந்தே நின்றுவிட்டேன்!

உடனே பின்னணிக்கு வெள்ளை பூசினேன். பலகையில் படம் எப்படித் தெரியும் என்று காட்டும் சோதனைத் திரையைப் பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் லீலாவதி, "சார், மாப்ள வேட்டி சட்டையெல்லாம் எங்க சார் போச்சு? தலையும் கையுந்தான் நிக்குது!" என்று சிரித்தாள். தயிர்சாதமும் மறைந்து தட்டு மட்டும் இருந்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. "யாரும் உடுத்தாத, யாரும் திங்காத கலரா பாத்துப் பூசுங்க சார்" என்றாள்.

கண்ணைக் குத்தும் ஒரு ரோஸ் நிறத்தைத் தேர்ந்து அம்மாவிடம் காட்டினேன். "இந்தக் கருமத்த எந்த வூட்டுல கட்டுவாங்க?" என்றாள். அதையே பூசினேன். தலைமுடி ஓரங்களில் ரோஸ் ஒட்டிக்கொண்டிருந்ததைப் புள்ளி புள்ளியாக எடுக்க நான்கு நாள் ஆயிற்று. இன்று சோதனைத் திரையில் தயிர்சாதம் வெள்ளையாகவே இருக்கிறது. இங்கு வரும்போது அவள் ஏறும் திருமானூர் பஸ், சுற்றிலும் கட்டமில்லாமல், பஸ் வடிவத்திலேயே நிற்கிறது! லீலாவதி கைதட்டினாள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

மூன்று. இருப்பது பன்னிரண்டு பொத்தான்கள். தண்ணீர், சோறு, அம்மா, அப்பா எல்லாம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் தாத்தாவைக் குழந்தை எதற்குக் கேட்கப்போகிறாள்? ஒரு பொத்தானை வீணாக்கக் கூடாது.

குறுந்தகடு இத்துடன் வருகிறது. முதலில் தயிர்சாதம் ஒன்றை மட்டும் போடு. பசி நேரத்தில் தட்டு அவள் கண்ணில் படும்படி இருக்கட்டும். அவள் கையைப் பிடித்து அழுத்தாதே அம்மா. விரல் தானாக நீளட்டும். நீங்கள் மூவரும் நன்றாயிருக்க வேண்டும்.

பிரியமுள்ள அப்பா,
பொ. நல்லதம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மறுபடி படித்துப் பார்த்தேன். மூன்றாவதாக எழுதியது தவறு. தகட்டில் பதின்மூன்றாவதாக என் படமும் இருக்கிறது. ஏதாவது ஒரு பொத்தான் அவளுக்குத் தேவைப்படாமல் போனால் அதில் போடு. அவள் தொட்டால், எந்த நேரமானாலும் போன் செய்.