கொடுமுடிக்கு ஒரு தேதி

டப்ளின், செவ்வாய்

ஏனுங்க, நீங்களும் நம்ம புள்ளை ரித்திகாவும் சௌக்கியங்களா? சோமனூர்ல தறிக்குக் கரண்ட் ஒழுங்கா வருதுங்களா?

நேத்து ஆபீஸ்ல சின்னதா ஒரு தப்பு செஞ்சுபோட்டேனுங்க. கிளவுட் நெட்வொர்க்குல தகவல் போறதுக்கு எல்லா முகவரிக்கும் பொதுவா ஒரு புது வழி எழுதி, முதல் முன்னுரிமை குடுத்தேன். ஒரே ஒரு கிளைக்குன்னு இருந்த பழைய வழியை அழிக்க மறந்துட்டேன். ரெண்டு வழியும் பொருந்துனா நெட்வொர்க்கு குறிப்பான வழியைத்தான் எடுக்குமுங்க, முன்னுரிமையெல்லாம் அப்புறந்தான். அந்தக் கிளையோட தகவலெல்லாம் நிறுத்தி வெச்ச மெஷினுக்கே போயிருச்சு. சரி பண்ணிட்டேன், யாரும் திட்டலைங்க.

ஆனா அப்பயிருந்து இருப்புக் கொள்ளலை. "நீ எப்ப வாரியோ அப்ப கொடுமுடியில புள்ளைக்குக் காது குத்திக்கலாம் அம்மணி"ன்னு ரெண்டு வருசமா சொல்றீங்க. அது பொதுவா இருக்கறதால, ஆபீஸ்ல குறிச்சுக் குடுக்கற தேதிதான் ஒவ்வொரு தடவையும் ஜெயிக்குதுங்க. நீங்களும் ஒரு தேதி குறிங்க. என்னைக் கேக்காதீங்க.

மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க. பத்திரிகையே அடிச்சுப்போடுங்க.

வர்ஷினி