மிச்சம் வியாழக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முகம் தெரியாத என்னை மதிப்பிற்குரிய அம்மா என்று அழைத்து எழுதியிருந்தாய். பதிலுக்கு நானும் 'நீங்கள்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. மூன்று வருடமாக உன் அப்பா சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடப் பையைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று அழுத பெண்ணாகவே நீ எனக்குப் பதிந்துவிட்டாய். அதனால் நீ என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

போனில் பேசினால் அழுகைதான் வரும் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான். கடிதத்தில் எழுதினால் நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொள்ளலாம், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

அப்பாவின் பையில் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துத்தான் டயாலிசிஸ் விஷயமே உனக்குத் தெரிந்தது என்றாய். அங்கே போய்க் கேட்டால், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில், பெற்ற மகள் நீ இருக்க, யாரோ ஒரு பெண்பிள்ளையின் பெயர். இவர் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் கோர்ட்டில் முப்பத்தோரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஓய்வு பெற்ற மறு வருடமே சிறுநீரகம் கைவிட்டது. செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரை மணிக்குப் போய் எடை பார்த்து, கையில் ஊசி குத்திக்கொண்டு நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். உன் அப்பா பக்கத்து நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெஷின். சொல்லப்போனால் அவ்வளவுதான் உறவு.

அந்த வார்டில் ஒரு டி.வி. உண்டு. யாரும் பார்க்காத செய்தி ஓடிக்கொண்டிருக்கும். உன் அப்பா வந்த இரண்டாவது வாரமே சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நர்ஸிடம் கொடுத்தார். எல்லாம் பழைய காதல் படங்கள், சிரிப்புப் படங்கள். இரண்டு பேர் முதல் காட்சியில் முட்டிக்கொள்வார்கள், கடைசிக் காட்சியில் கட்டிக்கொள்வார்கள். நான் முகத்தைச் சுளித்தேன். முடிவுதான் முதலிலேயே தெரிகிறதே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு அவர், "முடிவு தெரிஞ்சாத்தாங்க நிம்மதியா பாக்க முடியும். நம்ம முடிவு என்னன்னு டாக்டருக்கே தெரியல" என்றார். அன்றைக்கு நான் அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தேன்.

பிறகு பழகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, படத்தில் காதலர்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அவரால் தாங்க முடியாது. இப்படி நிற்கவே நிற்காது, பிரேக் இந்த இடத்தில் இருக்கும், கதவு அந்தப் பக்கம் திறக்கும் என்று வார்டுக்கே பாடம் எடுப்பார். கல்யாண மேடையில் எவனாவது ஓடிவந்து நிறுத்துங்கள் என்று கத்தினால் நான் ஆரம்பித்துவிடுவேன், ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாயால் கத்தினால் செல்லாது என்று. அதனால் எனக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தார். நர்ஸ், எதிர் வரிசைத் தையல்காரர், எல்லோருமே அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது எதுவென்று பின்னால்தான் புரிந்தது. அவற்றில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வராது. அதிகம் போனால் கதாநாயகிக்குக் கால் சுளுக்கும், அவன் தூக்கிக்கொண்டு நடப்பான். இரண்டரை மணி நேரம் எவரும் சாகாத ஒரு வீட்டில் விருந்துக்குப் போய் வந்தது போல இருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடக் கடைசியில் எனக்கு வெறுத்துப்போயிற்று. தினம் தினம் பிழைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது, இனி வரப்போவதில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன். புத்தி சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அன்றைய படம் முடிந்து நேரம் மிச்சமிருந்தது. இன்னொரு படத்தைப் போடச் சொன்னார். காதலி ஊரை விட்டுப் போக ரயிலேறுகிற இடத்தில் எங்கள் நாலு மணி நேரம் முடிந்தது. "மிச்சம் வியாழக்கிழமை, ஜட்ஜம்மா. அவ இறங்குறாளா இல்லையான்னு பாத்துட்டு அப்புறமா உங்க இஷ்டம்" என்றார். இறங்குவாள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வியாழக்கிழமை போனேன். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் ஒரே நாளில் முடிய விட்டதில்லை அவர்.

இனி, நீ முக்கியமாகக் கேட்டதற்கு வருகிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? வீடியோவில் பேசும்போதெல்லாம் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாரே, அது ஊசித் தழும்பை மறைக்க. ஆஸ்பத்திரி லிஃப்டுகளை மேற்பார்வை பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது, வாரம் மூன்று நாள் என்று சொல்லியிருந்தாராமே, அந்த மூன்று நாள் இதுதான். நான் சண்டை போட்டேன். இந்தப் படங்களில் வருகிறவர்களைப் பார்த்து, ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடுமே என்று சிரிக்கிறீர்கள், நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "படத்துல உண்மை தெரிஞ்சா கல்யாணம் நடக்கும். இங்க தெரிஞ்சா ஆபரேஷன் நடக்கும். எம் பொண்ணுகிட்ட கேட்டா கிட்னியக் குடுத்துடுவா. அதனாலதான் கேக்கல."

நான் கொடுத்திருப்பேனே, அப்பா இருந்திருப்பாரே என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் மை கலைந்திருந்தது. ஒன்றை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓர் அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல், ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டது. நினைவிருக்கிறதோ என்னவோ. அது நான்தான். அந்த வாரம் உன் அப்பாவுக்கு மூச்சு வாங்கி உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரியாமல் உன் எண்ணை எடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் அழைத்தேன். நீ ஹலோ என்றாய். பின்னால் உன் குழந்தை எதற்கோ கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

அவரிடம் ஒப்புக்கொண்டேன். செவ்வாயன்று தொடங்கிய படம் வியாழனன்று முடியும் வரை என்னோடு பேசவில்லை. கடைசியில், "பேத்தி சிரிச்சாளா?" என்று கேட்டார். சிரித்தாள் என்றேன். "அது போதும்" என்றார். அவருக்குப் போதும். உனக்குப் போதுமா என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. அந்தத் தப்பில் பாதி என்னுடையது. வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. நீ மன்னிக்காவிட்டால் நியாயம் உன் பக்கம்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. நர்ஸ் படத்தைப் போட வந்தாள். இரும்மா, அவரும் வந்துவிடட்டும் என்றேன். எட்டரை மணிக்கு அவள் திரும்பி வந்து என் காலடியில் நின்றாள். வீட்டுக்கு போன் செய்தார்களாம், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தாராம், முந்தின நாள் சாயங்காலமே தூக்கத்தில் போய்விட்டாராம். எனக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. ஊசி கையில் இருக்கிறது, என் ரத்தம் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கிறது. துக்கத்துக்குக்கூட எழுந்து ஓட முடியாத உடம்பு இது. தையல்காரர் எதிரில் உட்கார்ந்து எனக்காக அழுதார்.

மறுநாள் உன் அப்பா வீட்டுத் தெருவுக்கு வந்தேன். நீ காரிலிருந்து இறங்கினாய். இடுப்பில் குழந்தை, ஒரு செருப்பு அறுந்து, ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினாய். யாரோ ஓர் அம்மாள் என்னிடம், "நீங்க யாரு, சொந்தமா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் பழக்கம் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கச் சுவரோரமாகவே நின்றேன். உள்ளே வரவில்லை. எந்த முறையில் வருவது?

என் பெயர் இருந்த அந்தப் படிவத்தை நர்ஸ் எனக்கும் காட்டினாள். உறவு என்ற கட்டத்தில் உன் அப்பா முதலில் எதையோ எழுதி, அழுத்தி அடித்துவிட்டு, மேலே தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறார். நீயும் பார்த்திருப்பாய். நீதிபதிகளின் கிறுக்கலை முப்பத்தோரு வருடம் படித்தவள் நான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தால் அடித்ததைப் படித்திருப்பேன். தூக்கிப் பிடிக்கவில்லை. போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் உன் அம்மாவைப் பற்றி அவர் பேசாத வாரம் கிடையாது, அதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு அவர் தெரிந்தவர். அப்படியே இருக்கட்டும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை நான் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மாதான் படுத்திருந்தேன். சாயங்காலம் நர்ஸ் கூப்பிட்டுத் திட்டினாள். கடைசியாக, உங்களுக்கு வெளியூரிலிருந்து ஒரு கடிதம் வந்து கிடக்கிறது என்றாள். அதை வாங்கத்தான் சனிக்கிழமை எழுந்து குளித்துக் கிளம்பினேன். அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் என்ன எழுதியிருப்பாய் என்று பயமாக இருந்தது. ஊசி குத்தி முடிந்த பிறகுதான் பிரித்தேன். நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். கோபம் இருந்தால் கோபத்தோடே எழுது. திட்டித்தான் எழுத வரும் என்றால் திட்டி எழுது. ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடாதே, கொஞ்சம் மிச்சம் வை. அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் நானும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

குழந்தைக்கு என் ஆசி. உன் உடம்பைப் பார்த்துக்கொள். எங்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான், அளந்து குடிக்க வேண்டும். நீ தாகம் எடுக்கும்போதெல்லாம் வயிறு நிறையத் தண்ணீர் குடி, மகளே.

இப்படிக்கு,
அப்பாவுக்குத் தெரிந்தவள்