நீலமாய் மினுங்கிய கொடுவா

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே பனிமூட்டம், காற்று. எல்ல டவுனுக்குப் போகும் பஸ் தாமதம். நான் மீன் வெட்டும் ஹோட்டலுக்கு இன்று இருபது கொடுவா மீன், கடலில் வலைக்கூடு போட்டு வளர்த்தவை. வயிற்றில் சிவந்த புண்கள், கண்களில் பால் படிந்த மாதிரி. புண்ணை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடு என்றார் சமையல்காரர். முதுகுமுள் வலது கட்டைவிரலில் ஏறிவிட்டது. சின்னக் குத்துதான்.

தலைகளைக் குப்பையில் போட மனசு வரவில்லை. நான்கு தலை என் பைக்குள். பிடிபட்டால் வேலை போகும்.

மாலை நான்கு மணி. கரண்ட் இல்லை. எங்கள் லயத்துப் பின்காம்பரா, அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது. பக்கத்து வீட்டுப் புஷ்பமும் நானும் தலைகளைக் கழுவ உட்கார்ந்தோம். இருட்டில் அவை நீலமாக மினுங்கின. எங்கள் விரல்களும். புஷ்பம் கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடிவிட்டாள். முனியாண்டி வந்திருக்கு என்று என் வீட்டுக்காரர் தலைகளைக் கொண்டுபோய் முனிக் கல்லடியில் வைத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

வாங்க: சவர்க்காரம், பருப்பு, மகளுக்கு எழுதக் கொப்பி. விரலுக்கு மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டேன்.

மத்தியானம் கறுத்த கொப்புளம். மணிக்கட்டு வரை சிவப்பு, காய்ச்சல். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வரிசையில் பின்னால் யாரோ: "முனிக் கல்லுல கெடக்குற மீன நாய்கூட மோந்து பாக்கலையாம்."

மருந்து ஐயா கையைப் பார்க்கும் முன்பே துண்டுச் சீட்டில் எழுதிவிட்டார்: கவ்வாத்துக் கத்தி வெட்டு, தேயிலைச் செடி வெட்டும்போது பட்டதாம். இங்கே யார் கைப் புண்ணோடு போனாலும் அதுதான். நான் திருத்தவில்லை. அவர் தம்பி எங்கள் ஹோட்டலில் சூப்பர்வைசர். வழக்கமான மாத்திரை.

ஜூன் 6, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். பதுளை பெரியாஸ்பத்திரி. நேற்று கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

துண்டைப் படித்த டாக்டரம்மா நம்பவில்லை. "உண்மையச் சொல்லுங்க அக்கா. கடல் மீன் ஏதும் தொட்டீங்களா?"

சொன்னேன். நெருக்கி வளர்க்கும் மீனுக்கு வருகிற, இருட்டில் மினுங்குகிற கிருமியாம். புண் வழியாக நமக்கும் ஏறுமாம். புதன்கிழமையே தெரிந்திருந்தால் விரல் மிஞ்சியிருக்கலாமாம். அழுதேன். வேலை போனால் மயிராச்சு என்று அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கூட யார் கழுவியது என்று கேட்டார். புஷ்பம். கொழுந்து எடுத்து விரலெல்லாம் வெடிப்பு.

வீட்டுக்காரருக்குப் போன். புஷ்பம் இன்று காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வரவில்லையாம். கை வீங்கி, டிஸ்பென்சரி மாத்திரையோடு படுத்திருக்கிறாளாம்.

"துண்டுல என்னங்க எழுதியிருக்கு?"

"ஒனக்கு எழுதுனதுதான்."

உடனே இங்கே கூட்டி வாங்க என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. ஏழு தடவை எடுத்தேன். கிடைக்கவில்லை.