சாறாவைப் பார்க்கப் போன ஞாயிறு

2014 ஒக்டோபர் 6, திங்கள்

இவருடைய காற்சட்டையைத் தோய்க்கப் போட்டேன். மடிப்புக்குள் கறுப்பு மண். மண் என்றும் சொல்ல முடியாது, தண்ணீரில் கரையவில்லை. சிரட்டைக் கரியை இடித்தது போல் கரகரத்தது. நேற்று பக்கத்து ஊர் பகேரியாவில் தோட்ட மதிலுக்குப் பெயின்ற் அடிக்கிறேன் என்றுதானே போனார்? பகேரியாவுக்கு நானும் போயிருக்கிறேன். அங்கே இப்படிக் கறுப்பாக எதையும் நான் காணவில்லை.

கேட்டேன். "வேலையிடத்திலை என்னவும் ஒட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒக்டோபர் 10, வெள்ளி

குளியலறைக்குள் நின்று கார்மெலோவோடு போன் கதைக்கிறார். கார்மெலோதான் இவருக்கு வேலை கொடுக்கும் பெயின்ற்காரர். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. பிறகு எதற்குக் குளியலறை?

கதவோரம் நின்றேன். நிற்கக் கூடாதுதான். நின்றேன். "ஞாயிறு சாறா, ஓம் ஓம், சாறா" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னோடு கதைக்கும்போது அப்படிச் சிரித்ததே இல்லை.

உண்மையில் 'ஷாரா' என்றுதான் காதில் விழுந்தது. இந்த ஊராருக்கு ச எல்லாம் ஷதானே, இவருக்கும் தொற்றிவிட்டது. சாறா. பெட்டையின் பெயர்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

விடியமுன் போய்விட்டார். ரொட்டியும் சம்பலும் இரண்டு பேருக்குக் கட்டச் சொன்னார். மற்றது கார்மெலோவுக்காம். கார்மெலோவுக்கு எப்போதிருந்து கட்டைச்சம்பல் பிடிக்கிறது?

என் கையால் அரைத்து, என் கையால் கட்டிக் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

ஸ்ரெல்லாவிடம் வாய் விட்டுவிட்டேன். மொண்டெல்லோவில் நான் துடைக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேலை செய்கிறாள். "சீசாப் பகுதி மருந்துக்கடையிலை ஒரு சாறா நிக்கிறாள், போய்ப் பாரடி" என்றாள்.

தலையிடிக் குளிசை வாங்கப் போவது போல் போய்ப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. எனக்கு ஒரு இனிப்பும் தந்தாள். ஏன் தந்தாள்?

ஒக்டோபர் 21, செவ்வாய்

இரண்டு கோடு.

மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டது வந்த அன்றைக்கு யாருக்குச் சொல்வது? பேர்னில் இருக்கும் அக்காவுக்குத்தான் சொன்னேன், சாறா கதையையும் சேர்த்து. "பொறுத்துக்கொண்டு கிடக்காதை, இஞ்சை வா. பிள்ளையை நாங்கள் வளப்பம்" என்றாள்.

இவருக்குச் சொல்லவில்லை. அவள் யார் என்று என் கண்ணால் காணும்வரை சொல்லவும் மாட்டேன். கண்டால் பேர்னுக்குப் போய்விடுவேன். அதற்குப் பிறகு இந்த மனிதனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

ஒக்டோபர் 24, வெள்ளி

"ஞாயிறு நானும் வாறன்."

"எங்கை?"

"நீங்கள் போற இடத்துக்கு."

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு இருந்தார். முகம் வெளிறிவிட்டது. அகப்பட்டுப் போனாரே! பிறகு மெதுவாக, "சரி, வாரும். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாரும்" என்றார்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

ஒழுங்காக எழுத முடியுமோ தெரியாது.

பகேரியாவும் இல்லை, மதிலும் இல்லை. கார்மெலோவின் காரில் தீவின் மற்றப் பக்கம், எற்னா எரிமலையடிக்குப் போனோம். கார்மெலோவுக்கு அதுதான் சொந்த ஊராம். என்னைக் கண்டதும் அந்தாளுக்குப் பெரிய சந்தோசம். நடிப்பு என்று நினைத்தேன்.

அங்கே நடக்கிற பாதை ஒரு வட்டம். முதலில் கறுப்புக் கல்வெளி, பிறகு ஓக்குக் காடு, பிறகு ஒரு ஏரி. ஏரியைச் சுற்றி வந்தால் திரும்பக் கார் நிற்கிற இடம். கல்வெளியில் கால் வைத்ததும் கார்மெலோ கையை அகல விரித்து, "இதுதான் ஷாரா" என்றார்.

"எது?"

"உந்தக் கல்லுத்தான்" என்றார் இவர். "மலை கக்கி உறைஞ்ச கல்லு. இவையள் அதை ஷாரா எண்டுதான் சொல்லுவினம்."

சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. கல்லைப் பார்க்கவா ஒரு மனிதன் ஞாயிறு ஞாயிறாகப் பொய் சொல்லிவிட்டு வருவான்? கல்லுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்களா? அடி முட்டாள், பெயர்தான் பிழை, ஆள் பிழையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்லில் நன்றாகத்தான் நடந்தார். காட்டுக்குள் போனதும் ஆள் மாறிவிட்டார். பாதையின் நட்டநடுவே, கார்மெலோவின் முதுகையே பார்த்தபடி நடந்தார். எதையோ நான் காணாமல் என்னைக் கெதியாகக் கடத்திக்கொண்டு போகிறாரோ? ஏரி தெரியத் தொடங்கிய இடத்தில், மரங்களுக்கு அப்பால் ஒரு குடிசை. வாசலில் சிவப்பாக ஏதோ துணி ஆடியது. சரி, இதுதான் அவள் வீடு.

"கொஞ்சம் மறைவுக்குப் போட்டு வாறன்" என்று பொய் சொல்லிவிட்டுப் பாதையை விட்டு இறங்கினேன்.

"நில்! காலைத் தூக்காதை! அசையாதை!"

என்னை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தேன். பாதை விளிம்பில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்மெலோ ஓடிவந்து ஏதோ சொன்னார், இவர் காதில் ஏறவில்லை. பிறகு இறங்கினார். சருகில் நான் மிதித்த இடம் பார்த்து, அதன் மேலேயே ஒவ்வொரு காலாக வைத்து வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். வந்த அடியிலேயே என்னைத் திருப்பிப் பாதைக்குக் கூட்டிவந்தார்.

வந்து தரையில் இருந்துவிட்டார். இவருடைய தங்கச்சி நிசாந்தி சண்டைக் காலத்தில் ஷெல் பட்டுச் செத்துப்போனவள் என்றுதான் கல்யாணத்தின்போது எனக்குச் சொன்னார்கள்.

"ஷெல் இல்லை" என்றார். "மிதிவெடி. சனத்தோடை சனமா நடந்து வாறம். அண்ணா, மறைவுக்குப் போட்டு வாறன் எண்டாள். குமர்ப்பிள்ளை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ன செய்யிறது? நான்தான், அந்தப் பத்தைக்குப் பின்னாலை போ எண்டு காட்டினனான்."

ஐயோ, நானும் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு இறங்கியிருக்கிறேனே.

கார்மெலோதான் மிச்சத்தைச் சொன்னார். வேலைக்குப் போகிற வீடுகளில் இவர் புல்லில் கால் வைக்கவே மாட்டாராம், சீமெந்தால் சுற்றித்தான் போவாராம். "வா, யாராலும் தோண்டி எதையும் தாட்டு வைக்க முடியாத நிலம் ஒன்று காட்டுகிறேன்" என்று கல்வெளிக்குக் கூட்டிவந்தாராம். பிறகு காட்டுப் பாதை, பிறகு ஏரிக்கரை. பாதையை விட்டு இறங்கியது இன்றைக்குத்தான் முதல்முறையாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"புல்லுக்குப் பயந்தவனை ஆர் மதிப்பினம்?"

பக்கத்தில் இருந்து சொன்னேன், வயித்திலை பிள்ளை இருக்கு எண்டு. அழுதார். நானும்தான். குடிசை வாசலில் ஆடியது யாரோ கிழவரின் சேர்ட்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

ஸ்ரெல்லா கேட்டாள், "சாறாவைக் கண்டனியோ?" கண்டனான் என்றேன். நல்ல கறுப்பி, வயது போனவள், இனி நானும் கூடத்தான் போவேன் என்றேன். வாயைப் பிளந்தபடி நிற்கிறாள். நிற்கட்டும்.

இன்று இவர் சந்தைக்குப் போய்வரக் கொஞ்சம் பிந்தியது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். அந்தப் பழக்கம் ஒரே நாளில் போகாது போல.

2015 ஏப்ரல் 6, ஈஸ்டர் திங்கள்

ஏரிக்கரை முழுக்கச் சனம், இறைச்சி சுடுகிற புகை. எனக்கு இது ஏழாம் மாதம். சும்மாவே அடிக்கடி மூத்திரம் முட்டுகிறது, அதில் நடை வேறு. பாதி வழியில் தாங்க முடியவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். 'மறைவுக்கு' என்ற அந்தச் சொல்லை இவருக்கு முன்னால் நான் சொல்வதே இல்லை.

இவர் என் முகத்தைப் பார்த்தார். பாதையை விட்டுத் தானே முதலில் இறங்கினார். பன்னச்செடிகளுக்குள் போய் அங்கும் இங்கும் காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார். பிறகு தன் ஜக்கெற்றைக் கழற்றி விரித்துப் பிடித்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"வாரும். இஞ்சை ஒண்டும் இல்லை."